வாசலில் போட்ட எண்

ஒரு பெண் செத்துப்போனதில் என் சிவப்புப் பென்சிலுக்குப் பங்கு உண்டு. இதை விட்டுவிட்டு வேறு எங்கிருந்து தொடங்கினாலும் மழுப்பலாகத்தான் இருக்கும். மழுப்புவதில் நான் கெட்டிக்காரன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது எட்டு நாளில் முடியவில்லை, இன்றைக்கு வரைக்கும் செல்லுபடியாகிக் கொண்டிருக்கிறது. யாரும் கேட்கவில்லை. கேட்டவன் ஒருவன்தான், அவனுக்கு எழுத்து தெரியாது.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரிகள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்திய ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் நான் ரைட்டராக இருந்தேன். ஐம்பதுகளின் நடுவில் அது. இருபது கட்டில், ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், இரண்டு ஆயாக்கள், நான். இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கி நிற்கிறது. ஆஸ்பத்திரி இருந்ததற்கு அடையாளம் ஒன்றுமில்லை. நல்லதாகப் போயிற்று என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

என் சோலி வாசலில். நோயாளி வந்ததும் கேஸ் ஷீட்டு என்கிற நீளக் காகிதத்தை எடுத்து, பெயர், வயது, ஊர், தொழில், என்ன செய்கிறது, எத்தனை நாளாகச் செய்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். அதோடு முடிந்திருந்தால் வம்பில்லை. எங்கள் டாக்டர் மெட்ராஸிலிருந்து அச்சடித்த ஒரு நோய்ப் பட்டியல் கொண்டு வந்து வைத்திருந்தார். உலகத்தில் உள்ள நோய்களுக்கெல்லாம் அதில் எண் உண்டு. மாதா மாதம் எந்த எண்ணில் எத்தனை பேர் என்று மேலே கணக்கு அனுப்ப வேண்டும். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவன், இங்கிலீஷில் நோய்ப் பெயர்களைத் தப்பில்லாமல் எழுதுவேன் என்று பெருமை. நோயாளி வாசலில் நிற்கும்போதே என் புத்திக்கு எட்டிய எண்ணைக் காகிதத்தின் மேல் மூலையில் சிவப்புப் பென்சிலால் போட்டுவிடுவேன். டாக்டர் பார்த்து, தப்பென்றால் அடித்து மாற்றுவார். அதுதான் ஏற்பாடு. ஆனால் டாக்டர் அடித்து மாற்றியது அபூர்வம். மாற்றாத ஒவ்வொரு நாளும் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறியது.

நாளாக ஆக, அந்தச் சிவப்பு எண்ணை வைத்தே ஆஸ்பத்திரி நடந்தது. ஆயா அதைப் பார்த்துக் கட்டில் போடுவாள். கம்பவுண்டர் அதைப் பார்த்து மருந்து ஊற்றுவார். மேற்குப் பக்கத்து வராந்தா முழுக்க மலைக்காய்ச்சல்காரர்கள். அங்கே போனால் மூன்று வேளை கசக்கிற கொய்னா மிக்சர், இரண்டு வேளை கஞ்சி. கேள்வி கிடையாது. டாக்டர் காலையில் ஒரு சுற்று வந்து நாடி பிடித்துவிட்டுப் போவார்.

மலையிலிருந்து ஆள் வந்தால் அது மலைக்காய்ச்சல், அதாவது மலேரியா. இப்படி யாரும் உத்தரவு போடவில்லை. நானே போட்டுக்கொண்டேன். அந்த நாளில் ஏலத்தோட்டங்களில் காய்ச்சல் அப்படி இருந்தது. மழை விட்டதும் குரங்கணிப் பாதையில் டோலி டோலியாக இறங்கும். மயங்கிக் கிடப்பான், பிதற்றுவான், கையையும் காலையும் உதறுவான், எல்லாம் காய்ச்சல்தான், கொய்னா போனால் நாலு நாளில் எழுந்து உட்காருவான். நூறு தடவை சரியாக இருந்தால் நூற்றியோராவது தடவை மனுஷன் முகத்தைப் பார்க்க மாட்டான். நான் பார்க்கவில்லை.

அதற்கு முந்தின வாரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தெரியாமல் செய்துவிட்டான் பாவம் என்று எனக்கு நீங்கள் பரிந்து பேசுவீர்கள். ஊருக்குள் ஏலக்காய்க் கடை வைத்திருந்த ஒரு பெரியவரை வில்வண்டியில் கொண்டு வந்தார்கள். காலையில் கல்லாவில் உட்கார்ந்தவர் கையிலிருந்த பேனாவை நழுவ விட்டாராம். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறிற்று. வண்டி நின்றதுமே நான் எழுந்து ஓடினேன். பாரிசவாயு என்று எனக்கே தெரிந்தது, அதற்குரிய எண்ணைப் பட்டியலைப் புரட்டாமலே போட்டேன். டாக்டர் வந்தார். பெரியவரின் மகன்களிடம் அவர் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். வாயில் ஒரு சொட்டு எதையும் ஊற்றக் கூடாது, விழுங்குகிற சக்தி போயிருக்கிறது, ஊற்றினால் வயிற்றுக்குப் போகாது, நெஞ்சுக்குள் இறங்கும், ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்றார். இரண்டு நாள் கழித்து ஒரு ஸ்பூனில் பாலைத் தொட்டுத் தொட்டு வைத்துப் பழக்கினார்கள். அந்தப் பெரியவர் பிழைத்தார். கோணின வாயோடு பல வருஷம் கடையில் உட்கார்ந்திருந்தார்.

ஆக, எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன், ஏழு நாள்கூட ஆகவில்லை.

அவளைக் கொண்டு வந்தது ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல். குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டம். கம்பளியை மூங்கிலில் கட்டிக் குரங்கணி வரைக்கும் தூக்கி வந்து, அங்கிருந்து ஏலக்காய் மூட்டை ஏற்றின ஜீப்பில் மூட்டையோடு மூட்டையாக வைத்து அனுப்பியிருந்தார்கள். தூக்கி வந்தவர்கள் குரங்கணியிலேயே திரும்பிவிட்டார்கள், பொழுது சாய்வதற்குள் மேலே போக வேண்டுமே. ஜீப்புக்காரனுக்கு ஒன்றும் தெரியாது. லோடு இறக்கப் போக வேண்டும், வெரசா எறக்கிக்கங்க என்று அவசரப்படுத்தினான். அவன் கையில் தோட்டத்துக் கங்காணி கொடுத்த சீட்டு ஒன்று இருந்தது. பெயர், வயது முப்பத்தெட்டு, காய்ச்சல், மயக்கம். அந்தக் கங்காணி யாரை அனுப்பினாலும் அப்படித்தான் எழுதுவான் என்பது எனக்குத் தெரியும். பிரசவ வலி வந்தவளுக்கே ஒரு தடவை காய்ச்சல் என்று எழுதி அனுப்பியவன். அப்போது அதை நினைத்துச் சிரித்த நானே இந்தத் தடவை அவன் சீட்டைப் பார்த்துக் காப்பியடித்தேன்.

அவளுக்கு மயக்கம் இல்லை. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வாய் இடது பக்கம் கோணியிருந்தது, வலது கடைவாயில் எச்சில் வடிந்தது. எச்சிலில் வெற்றிலைச் சிவப்பு. ஏலக்காய் எடுக்கிற பெண்கள் குளிருக்கு ஓயாமல் வெற்றிலை போடுவார்கள். கன்னத்தில் அதக்கிக்கொண்டு ஒரு பக்கமாகப் பேசுவார்கள். இவளும் வெற்றிலையை அதக்கிக்கொண்டிருக்கிறாள், அதனால்தான் வாய் அப்படி இருக்கிறது, அதனால்தான் பதில் சொல்லவில்லை என்று முடிவு கட்டினேன். பேர் என்ன என்று கேட்டேன். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டேன். தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது.

"மொதல்ல அந்த வெத்தலையத் துப்பிட்டுப் பேசு ஆத்தா. ஆஸ்பத்திரிக்கு வந்தா ஒரு மட்டு மரியாதை வேணாம்?" என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. இடது கையைத் தூக்கி வாயைத் தொட்டாள், தொண்டையைத் தொட்டாள். பசி, தண்ணீர் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நோயாளி சொன்னது என்கிற கட்டத்தில் "பேச மறுக்கிறாள்" என்று எழுதினேன். மூலையில் மலேரியாவின் எண்ணைப் போட்டேன். அந்த எண் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, இங்கே எழுதக் கை வரவில்லை.

டாக்டர் ஊரில் இல்லை. சொந்தத்தில் கல்யாணம், அன்று காலை பஸ்சில்தான் மதுரைக்குப் போயிருந்தார், மூன்று நாள் ஆகும். போகும்போது எல்லாரையும் பார்த்துக்கோய்யா என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். கம்பவுண்டரிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். அந்தப் பெருமையும் சேர்ந்துகொண்டது. சட்டைப் பையில் சிவப்புப் பென்சிலைச் செருகிக்கொண்டு வராந்தாவில் அரை டாக்டராக நடந்தேன்.

சாயங்காலம் ஆயாக்களில் ஒருத்தி என்னிடம் வந்தாள். அவள் படிக்காதவள், வார்டில் மலமும் மூத்திரமும் அள்ளுகிறவள், அவள் நின்று பேசுகிற தூரம்கூட எனக்குப் பிடித்தமான தூரமாக இருக்க வேண்டும் என்று நினைத்த காலம் அது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன். மலையிலிருந்து வந்த பொம்பளைக்கு உடம்பு சுடவே இல்லை என்றாள். துணி மாற்றும்போது பார்த்ததாகவும், வலது கை துவண்டு கிடப்பதாகவும், தூக்கிவிட்டால் பொத்தென்று விழுவதாகவும் சொன்னாள். மருந்து ஊற்றினால் பாதி வெளியே வருகிறது, பாதிக்குப் புரையேறி மூச்சு முட்டி இருமுகிறாள் என்றாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. கொய்னா குடித்து இருமாதவன் எவன், தேனா அது என்று கேட்டேன். அவள் அப்போதும் போகவில்லை.

"கடைக்கார அய்யாவுக்கு வந்த மாதிரியே இருக்குங்க ரைட்டரய்யா. ஒருக்கா வந்து பாருங்க" என்றாள்.

"ஏட்டுல என்ன இருக்கோ அதுதான் நோவு. ஒனக்கு வாருகோலு, எனக்குப் பேனா. போயி சோலியப் பாரு."

இது நான் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை இதேதான். எத்தனையோ மறந்துவிட்டேன், பெற்ற பிள்ளையின் முதல் பேச்சு என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. இது மறக்கவில்லை.

அவள் போய்விட்டாள். போனவள் என்ன செய்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. தன்னால் முடிந்த மட்டும் அந்தப் பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்கு ஒரு பழைய கம்பளியைச் சுருட்டி முட்டுக் கொடுத்திருக்கிறாள். கம்பவுண்டர் அதைப் பார்த்துவிட்டு, மருந்து ஊற்ற வசதியில்லை என்று மறுபடியும் மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார். காகிதத்தில் மூன்று வேளை என்று இருக்கிறது, அவர் வேலையை அவர் செய்தார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? எண் போட்டது அவர் இல்லை.

மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். ஆயா சொன்னதற்காகப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அப்படி இல்லை. பக்கத்துக் கட்டில்காரனின் ஊர்ப்பெயர் ஷீட்டில் விட்டுப்போயிருந்தது, அதைக் கேட்கப் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி மறுபடியும் வாயையும் தொண்டையையும் தொட்டுக் காட்டினாள். வேகமாக, பல தடவை. எனக்கு இரக்கம் வந்தது. இந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்ல, எனக்கு அன்றைக்கு இரக்கம் வந்தது! ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு என் கையாலேயே தலையைத் தூக்கி ஊற்றினேன். அவள் பல்லைக் கடித்தாள். குடி ஆத்தா, குடி என்று கன்னத்தை அழுத்தி ஊற்றினேன். புரையேறி, கண் செருகி, முகம் கறுத்து, வெகுநேரம் இருமினாள். நான் அவசரப்பட்டுக் குடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

வேண்டாம் என்று சொன்னவளுக்குத்தான் ஊற்றியிருக்கிறேன். விழுங்க முடியவில்லை, கொடுக்காதே என்றுதான் இரண்டு நாளாக அந்தக் கை சொல்லிக்கொண்டிருந்தது. வேறு எப்படித்தான் சொல்வாள் அவள்? மீதி இருந்தது அந்த ஒரு கைதான்.

அன்று பொழுது சாய்கிற நேரம் அவளுக்கு உடம்பு சுட ஆரம்பித்தது. நெஞ்சில் கரகரவென்று சத்தம் கேட்டது. கம்பவுண்டர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக் காய்ச்சல் நன்றாக இருக்கிறது என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆயாவைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"இப்பச் சுடுதா? போயித் தொட்டுப் பாரு" என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் துணியை அலசினாள். நான் ஜெயித்த மாதிரி திரும்பி வந்தேன். என் எண் சரியாகிவிட்டது என்று இருந்தது. ஒரு மனுஷி சாகக் கிடக்கிறாள், எனக்கு எண் சரியானது சந்தோஷம். இப்படிப்பட்ட பயல் நான்.

நாலாம் நாள் காலையில் டாக்டர் வந்தார். பஸ்சு இறங்கி நேராக வார்டுக்குத்தான் வந்தார், கல்யாண வீட்டுச் சந்தனம் கழுத்தில் இன்னும் அழியாமல் இருந்தது. வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அவள் கட்டில் பக்கத்தில் நின்றுவிட்டார். முகத்தைப் பார்த்தார். வலது கையைத் தூக்கி விட்டார், விழுந்தது. உள்ளங்காலில் சாவியால் கோடு இழுத்துப் பார்த்தார். நெஞ்சில் குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு ஷீட்டை எடுத்து மூலையைப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"இவ காய்ச்சல் வந்து படுத்தவ இல்லய்யா. நாம ஊத்தினது பூரா நெஞ்சுக்குள்ள போயி, அதுல வந்த காய்ச்சல்" என்றார்.

சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூடப் பின்னால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். ஊசி போட்டார், ஒருக்களித்துப் படுக்க வைத்தார், வாய் வழியாக எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மத்தியானம் அவள் போய்விட்டாள். கடைசி வரைக்கும் நினைவு இருந்தது. ஆயாதான் பக்கத்தில் இருந்தாள். நான் வாசலில் இருந்தேன், வேறு யாருக்கோ பெயர் எழுதிக்கொண்டிருந்தேன்.

செத்தவர்களுக்குக் காகிதத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு, சாவுக்குக் காரணம், அதற்கும் எண் போட வேண்டும். ஷீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். மேலே இருக்கிற எண்ணை அடித்துவிட்டுப் பாரிசவாயு என்று மாற்றட்டுமா என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் கையையே கழுவினார். மாற்றினால் மூன்று நாள் கொய்னா ஏன் கொடுத்தோம் என்று எழுத வேண்டும். ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு டாக்டர் எங்கே போனார் என்று எழுத வேண்டும். வாசலில் எண் போட ரைட்டர் யார் என்று எழுத வேண்டும். இதில் எதையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"அதுவே இருக்கட்டும்" என்றார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. இதைத்தான் சொல்ல வந்தேன், இதுதான் மற்ற எல்லாவற்றையும் விட மோசம். துக்கம் வரவில்லை, பயம்கூடப் போய்விட்டது, தப்பித்தோம் என்று இருந்தது. மலேரியா என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். கம்பவுண்டர் என் தோளைத் தட்டி, ஆனைக்கும் அடி சறுக்கும், விடுங்க என்றார். ஆனை சறுக்கினால் ஆனைதானே விழுகிறது? இங்கே சறுக்கினவன் நான், மண்ணுக்குள் போனது அவள்.

மறுநாள் காலையில் அவள் புருஷன் வந்தான். பிள்ளைகளைத் தனியே விட்டு அன்றைக்குக் கூட வர முடியாதவன், சாவுச் சேதி கிடைத்ததும் மேலே கூலிக்காரர் லயத்தில் பக்கத்து வீட்டில் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, விடியுமுன்னே இறங்கி நடந்தே வந்திருந்தான். ஒரு பையன், ஒரு பெண், பெண்ணுக்கு ஆறு வயது. ஆளை எடுத்துப்போக ஒரு மாட்டுவண்டி பிடித்து வாசலில் நிறுத்தியிருந்தான். அவளுடைய அண்ணன்மார் பொட்டிபுரத்தில் இருக்கிறார்கள், அங்கேதான் கொண்டுபோக வேண்டும் என்றான். என்ன நோவு என்று கேட்டான். மலைக்காய்ச்சல் என்றேன்.

அவன் தானாகவே சொல்ல ஆரம்பித்தான். காய் எடுத்துக்கொண்டிருந்தவள் கூடையைக் கீழே வைத்தாளாம். கை வர மாட்டேங்குது, மரத்துப்போச்சு என்றாளாம். சிரித்தாளாம்கூட. அப்படியே செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு அதற்குப் பிறகு பேச்சு வரவில்லையாம். சூரியன் உச்சிக்கு வர இன்னும் நேரம் கிடந்தது என்றான். இதற்கு மேல் ஒரு டாக்டருக்கு என்ன வேண்டும்? எந்த நேரம், எந்தக் கை, என்ன சொன்னாள், எல்லாம் அவனிடம் இருந்தது. என் காகிதத்தில் பேச மறுக்கிறாள் என்று இருந்தது.

கங்காணி காய்ச்சல் என்று சொன்னதாகவும், தனக்குத்தான் அவள் உடம்பு சுடாத மாதிரித் தெரிந்ததாகவும், தனக்கென்ன தெரியும் என்றும் சொன்னான். அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. தோட்டத்தில் வாரத்துக்கு ஒரு தடவை காய்ச்சல் வராமலிருக்க மாத்திரை கொடுப்பார்களாம். கசக்கிறது என்று இவள் அதை அடுப்பில் போட்டுவிடுவாளாம். அவன் பார்த்துக்கொண்டுதான் இருப்பானாம், ஒன்றும் சொல்ல மாட்டானாம்.

"நாலு போடு போட்டாவது முழுங்க வச்சிருக்கணும் அய்யா. நாந்தேன் அவளக் கொன்னுட்டேன். அவ அண்ணமாருக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரே ஒரு வாக்கியம். உன் பெண்டாட்டிக்குக் காய்ச்சலே இல்லை, பாரிசவாயு, உன் மேல் தப்பே கிடையாது. இதைச் சொல்ல எனக்கு மூச்சு எவ்வளவு செலவாகியிருக்கும்? நான் சாவுச் சீட்டை எடுத்து, ஆஸ்பத்திரி முத்திரையைக் குத்தி, மசி காயும்படி ஊதி அவன் கையில் கொடுத்தேன். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கடைசி நேரத்தில் பார்த்துக்கிட்டீங்க, நல்லா இருக்கணும் என்று என்னைக் கும்பிட்டான்.

வண்டி போன பிறகு ஆயா வராந்தாவைக் கழுவிவிட்டாள். அந்த மாதமே வேலையை விட்டு நின்றுவிட்டாள், ஏனென்று நான் கேட்கவில்லை. டாக்டர் அந்த விஷயத்தை மறுபடி எடுக்கவே இல்லை. வாசலில் எண் போடுவதையும் நிறுத்தச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் மேலே அனுப்புகிற கணக்கில் மலேரியாவில் ஒன்று கூடியது, பாரிசவாயுவுக்கு எதிரே கடைக்காரப் பெரியவர் மட்டும் இருந்தார். நானே கூட்டிப் போட்டு நானே கையெழுத்தும் வாங்கி அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து அவன் மறுபடியும் வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். வரிசையில் நோயாளிகளோடு நோயாளியாக நின்று, தன் முறை வந்ததும் என் மேசைக்கு முன்னால் வந்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஒரு விஷயம் கேட்க வந்தேன் என்றான்.

பிள்ளைகளையும் கூட்டிப்போய்ப் பொட்டிபுரத்தில் காரியம் முடித்த அன்றைக்கே, மாத்திரை விஷயத்தை மச்சினன்மாரிடம் அவனே சொல்லியிருக்கிறான். மறைக்க மனசு வரவில்லையாம். பார்த்துக்கொண்டே சாகவிட்டவனிடம் பிள்ளைகளை எப்படி விடுவது என்று அவர்கள் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டார்கள். அவனை வாசற்படி ஏற விடுவதில்லை. வாரா வாரம் மலையிலிருந்து இறங்கிப் போய்த் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு வருகிறான். சின்னவள் முதலில் ஓடி வருவாளாம், இப்போது வருவதில்லையாம். ஆத்தாளைக் கொன்றவன் என்று அதற்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

தோட்டத்தில் கூட வேலை செய்கிற மலையாளத்துக்காரர் ஒருத்தர், இது காய்ச்சல் மாதிரித் தெரியவில்லையே, ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டுப் பார் என்று சொன்னாராம். அதற்குத்தான் வந்திருக்கிறான்.

"ஏட்டுல வேற நோவு ஏதாச்சும் எழுதியிருந்தாச் சொல்லுங்க அய்யா. மச்சினனக் கூட்டியாந்து காட்டுறேன். பிள்ளைக வந்துரும்."

என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை அவன். சந்தேகப்படக்கூட இல்லை. கேட்கவே கூச்சப்பட்டுக்கொண்டு, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். உள்ளே டாக்டர் யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம், பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள். வேலை போனால் சொந்த ஊர் சிலமலைக்குப் போய் அண்ணன் காட்டில் மண்வெட்டி பிடிக்க வேண்டும். இதெல்லாம் அப்போது தலைக்குள் ஓடியது, ஓடவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இதை ஒரு காரணமாகச் சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

அலமாரியைத் திறந்து, நோயாளிகளின் பெயரும் நோயும் பதிகிற பெரிய ஏட்டை எடுத்தேன். பக்கத்தைப் புரட்டினேன். தேடுவதுபோல் நேரம் எடுத்துக்கொண்டேன், அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். அவன் மேசைமேல் குனிந்து, தெரியாத எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பெயரில் விரலை வைத்து, கோட்டோடு விரலை நகர்த்தி, கடைசிக் கட்டத்துக்கு வந்து, மலைக்காய்ச்சல் என்று வாசித்தேன்.

இன்னொரு தடவை பார்க்கச் சொன்னான். பார்த்தேன். இன்னொரு தடவையும் வாசித்தேன்.

சரிங்க அய்யா என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டேன்.